விட்டால்தான் கேட்கும்

துறைமுக வானொலி அறையில் நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் கோகிலா. போன மாதம் பாலையூற்றில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆழ்கடலுக்குப் போகும் படகுகளோடு பேசுவதற்குப் புதிய கருவி வந்திருக்கிறதாம். உள்ளங்கைக்குள் அடங்கும், முழுக்கக் கண்ணாடி. பொத்தான் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு வட்டம் தெரியும். அதில் விரலை வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

"எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுது அக்கா. ஆனா புருசன்மாரோட கதைக்க வாற பொம்பிளையள் அதைக் கையில வாங்கப் பயப்பிடினம். வாங்கினாலும் கத்தினம், இல்லாட்டி அழுகினம். பழைய ரேடியோ செட்டில இப்பிடியா கதைச்சவை? உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதித் தாங்கோவன்" என்றாள்.

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் எனக்குத் தெரிந்தது கோகிலாவுக்கு உதவுமா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை.

மீன்பிடித் துறைமுகத்தின் விளிம்பில், ஐஸ் அறைக்குப் பக்கத்தில் எங்கள் வானொலி அறை இருந்தது. படகு உரிமையாளர்களின் சங்கம் ஒன்று அதை நடத்தியது. படகுகள் கிழக்கே போனால் வாரக்கணக்கில் திரும்பாது. கைத்தொலைபேசி எட்டாத தூரம். காலையில் ஒவ்வொரு படகையும் கூப்பிட்டு, எங்கே நிற்கிறது, ஆட்கள் சுகமா என்று கேட்பதும், காற்று மழைச் செய்தி சொல்வதும் என் வேலை. அது முடிந்த பிறகு வீட்டுக்காரர்களுக்கு நேரம். வெளியே நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து கடலில் இருப்பவர்களோடு பேசிவிட்டுப் போவார்கள். இந்த இரண்டாவது வேலைக்கு யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை. ஆனால் நான் வேலைக்குப் போனது இதற்காகத்தான் என்று பின்னாளில் நினைத்துக்கொண்டேன்.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எனக்கு முன் பொறுப்பில் இருந்தவர் பேர்னாட் சேர். சரக்குக் கப்பல்களில் வானொலி அதிகாரியாக இருந்து ஊரோடு வந்து சேர்ந்தவர். முழுக்கைச் சட்டையின் பொத்தானை எந்த வெயிலிலும் கழற்றமாட்டார். அவர் அலைவரிசையைப் பற்றிப் பேசியதைவிட மைக்கைப் பற்றிப் பேசியதுதான் கூட.

அந்தப் பழைய மைக் கறுப்பு நிறம். பின்பக்கம் இரும்பு. கையில் எடுத்தால் கை சற்றுத் தாழும், அவ்வளவு பாரம். பக்கவாட்டில் ஒரு பொத்தான். உள்ளே கடுமையான சுருள் இருந்தபடியால் பெருவிரலால் நன்றாக அழுத்தினால்தான் போகும். போகும்போது 'டக்' என்று ஒரு அதிர்ச்சி உள்ளங்கையில் தெரியும். விரலை எடுத்தால் இன்னொரு 'டக்'. முதலாவது கேட்டால் உங்கள் குரல் கடலுக்குப் போகிறது. இரண்டாவது கேட்டால் கடலில் இருந்து வருகிற குரலுக்கு வழி திறந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. எங்கள் செட்டின் இயல்பு அது.

ஒரு பெண் உள்ளே வந்ததும் பேர்னாட் சேர் படகைக் கூப்பிடமாட்டார். முதலில் மைக்கை அவள் கையில் கொடுப்பார். நான் தொடக்கத்தில் மைக்கை நானே பிடித்து அவர்கள் வாய்க்கு நேரே நீட்டுவேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"நீட்டாத திலகம். கையில குடு. பாரம் தெரியட்டும்."

கொடுத்து ஒரு நிமிடம் அவள் கையிலேயே விட்டுவைப்பார். பிறகு, "அமத்துங்கோ. விடுங்கோ. திருப்பி அமத்துங்கோ" என்று படகு இல்லாமலே பழக்குவார். "அமத்தினா நீங்க. விட்டா அவர். விட்டாத்தான் கேக்கும்." அதன் பிறகுதான் படகைக் கூப்பிடுவார். அவள் பேசத் தொடங்கியதும் கதிரையைத் திருப்பி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு கண் அவள் பெருவிரலில் இருக்கும்.

அந்தச் சுருளை நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்க முடியாது. விரல் நோகும். அதனால் எல்லோரும் சிறு சிறு வசனமாகப் பேசினார்கள். ஒன்றைச் சொல்லிவிட்டு விரலை எடுத்தார்கள். எடுத்தபோது மறுமொழி வந்தது. புல்மோட்டையில் இருந்து ஒரு பெண் வருவாள். வாங்கில் இருக்கும்போதே புருசனை ஏசிக்கொண்டிருப்பாள். உள்ளே வந்து மைக்கைத் தூக்கியதும் குரல் பாதியாகிவிடும். ஏன் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"இவ்வளவு பாரமான சாமானை வச்சுக்கொண்டு எப்பிடி மிஸ் ஏசுறது? கை அடங்கி நிக்குது, வாயும் அடங்கி நிக்குது" என்றாள்.

இன்னொருத்தி, ஒரு தாய். மகனின் படகு இரண்டு நாட்களாகப் பதில் தரவில்லை. அவளுக்கு முன் பேசிவிட்டுப் போனவள் வைத்த மைக்கை எடுத்தவள், உடனே கூப்பிடச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "சூடா இருக்கு. இப்பத்தான் ஆரோ கதைச்சுப்போட்டுப் போயிருக்கினம் என்ன" என்றாள். அன்றும் பதில் வரவில்லை. ஆனாலும் வந்ததைவிடத் தெளிவான முகத்தோடு போனாள். மகன் அடுத்த நாள் வானொலியில் கிடைத்தான்.

பேர்னாட் சேர் இளைப்பாறி அவுஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்விட்டார். அவருக்குப் பிறகு பொறுப்பாக வந்தவர் ரட்ணசிங்கம். அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. என்னை "மிஸிஸ் திலகவதி" என்றுதான் கூப்பிடுவார். ஒரு விஷயத்தைச் சொன்னால் முழுவதையும் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்ட பிறகுதான் பதில் சொல்லுவார். வாங்கில் இருந்த பெண்களுக்கு மின்விசிறி போடுவித்தவர் அவர்தான்.

அவர் காலத்தில் பழைய செட் பழுதாகிப் புதியது வந்தது. குரல் முன்பைவிடத் தெளிவு, தூரமும் கூட. மைக் மட்டும் வேறு மாதிரி. சாம்பல் நிறப் பிளாஸ்டிக். கையில் இருப்பதே தெரியாது. பொத்தான் இருந்த இடத்தில் மெத்தென்ற றப்பர். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி. 'டக்' இல்லை. பேசும்போது ஒரு சிவப்பு வெளிச்சம் எரியும், ஆனால் அது செட்டின் முகத்தில், என் பக்கம் பார்த்து. பேசுகிறவளுக்குத் தெரியாது.

முதல் வாரமே அவரிடம் சொன்னேன். "சேர், செட் நல்லம். இந்த மைக்தான் சரியில்லை. அமத்தியிருக்கா விட்டிருக்கா எண்டு கைக்குத் தெரியுதில்ல."

கண்ணாடியைத் துடைத்தார். "எனக்கும் விளங்குது மிஸிஸ் திலகவதி. ஆனா அந்தப் பழசைப் பிடிச்சு வயசான பொம்பிளையளுக்குக் கை நோகுதெண்டு எத்தனை பேர் முறைப்பட்டவை. இதில கை நோகாது. பழகினாச் சரிவரும்."

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. முறைப்பாடு வந்தது உண்மைதான்.

ஆனால் அறையின் நிலை மாறிவிட்டது. பாரமில்லாத அந்த மைக்கை அவர்கள் நம்பவில்லை. "இது போகுதா மிஸ்? அங்க கேக்குமா?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். போகிறதோ இல்லையோ என்ற சந்தேகத்தில் சத்தம் போட்டார்கள். சத்தம் போட்டதும் அழுகை வந்தது. விரல் நோகாதபடியால் நீளமாகப் பேசினார்கள், நடுவில் விடாமல். கடலில் இருப்பவன் ஒரு வார்த்தை சொல்ல இடம் கிடைக்காமல் காத்திருப்பான். பேசி முடித்து வெளியே போகிறவர்களின் முகத்தில் பேசிய ஆறுதல் இல்லை. நான் வேறு எதையும் மாற்றவில்லை. அதே அறை, அதே வாங்கு, அதே ஆட்கள். கையில் இருந்தது மட்டும்தான் வேறு.

பௌசியா இறக்கக்கண்டிக்காரி. பழைய மைக்கிலும் பேசியவள், புதியதிலும் பேசியவள். அவளுடைய புருசன் நஸார் மூன்று பேரோடு ஒரு படகில், அதை ஓட்டும் தண்டையலாகப் போய்வந்தார். அமைதியான மனிதர். காலையில் நான் கூப்பிட்டால், "எல்லாரும் சுகம் மிஸ், வீட்டில சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லுவார். பௌசியா வரும் நாட்களில் அதைவிடக் கொஞ்சம் கூடப் பேசுவார். அவர்களுக்கு ஒரே மகள், றிஸ்னா. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் மாரி தொடங்கும்போது வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வந்து புயல் காற்று எழுந்தது. எல்லாப் படகுகளையும் கரைக்குத் திரும்பச் சொன்னோம். பெரும்பாலானவை வந்துவிட்டன. நஸாரின் படகு வரும் வழியில் இயந்திரம் நின்றுவிட்டது. காலையில் நான் கூப்பிட்டபோது அவருடைய குரல் வழமை போலவே இருந்தது. சொன்ன செய்தி வழமையானதல்ல. படகின் பின்பக்கம் தண்ணீர் ஏறுகிறது, இறைத்து முடியவில்லை, பற்றரி போய்க்கொண்டிருக்கிறது என்றார். நின்ற இடத்தைச் சொன்னார். ரட்ணசிங்கம் உடனே கடலில் தேடி மீட்கப் போகிறவர்களுக்கு அறிவித்தார். கடல் இருந்த நிலையில் அவர்கள் போய்ச் சேர மாலையாகும் என்று பதில் வந்தது. அதை நஸாரிடம் சொன்னேன்.

"பௌசியா வந்திருக்காவா மிஸ்? அவட்ட ஒரு விசயம் சொல்லோணும்" என்றார்.

அவள் விடியும்போதே வந்து வாங்கில் இருந்தாள். கூப்பிட்டேன். ஓடி வந்தாள். மைக்கைக் கையில் கொடுத்து, எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "அமத்தினா நீங்க, விட்டா அவர். அவருக்குச் சொல்ல ஏதோ இருக்கு. நீங்க ஒண்டைச் சொல்லிப்போட்டு விடுங்கோ."

தலையாட்டினாள். இரண்டு கையாலும் பிடித்தாள். சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

"நான் பௌசியா. இஞ்சதான் இருக்கன். கேக்குதா?"

வெளிச்சம் அணையவில்லை.

"கேக்குதா? ஏன் ஒண்டும் சொல்றீங்க இல்ல? கதைங்க."

"விரலை எடுங்கோ, பௌசியா" என்றேன். அவளுக்கு என் குரல் ஏறவில்லை. பெருவிரல் றப்பருக்குள் புதைந்து நகம் வெளுத்துப்போயிருந்தது. தான் அழுத்திக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியவே இல்லை. பயத்தில் எதையாவது பற்றிக்கொள்கிற கை அது. பழைய மைக்காக இருந்தால் அந்தச் சுருள் அவள் விரலைத் தள்ளியிருக்கும். இது தள்ளவில்லை.

"ஏன் கதைக்கிறீங்க இல்ல? எனக்குக் கோவமில்ல. எதெண்டாலும் சொல்லுங்க. கதைங்க."

ரட்ணசிங்கம் பக்கத்தில் வந்துவிட்டார். அவர் குரல் உயர்ந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். "விடுங்கோ, பிள்ளை. விடுங்கோ."

மைக்கைத் தன்னிடம் இருந்து பறிக்கப் போகிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள். "விடமாட்டன்" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போனாள். வயர் முழுதாக இழுபட்டது. செட்டின் பக்கம் வயரைக் கழற்றலாம் என்று கையை விட்டேன். அது திருகிக் கழற்றுகிற முனை. இழுபட்டதில் இறுகிப்போய் அசையவில்லை. அதற்குள்ளும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். "ஏன் பேசாம இருக்கீங்க? நான் இஞ்ச நிக்கிறன். ஏன் பேசாம இருக்கீங்க?"

அங்கே நஸாருக்கு இவ்வளவும் கேட்டிருக்கும்.

எழுந்து போய் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பெருவிரல் கடைசியாகத்தான் வந்தது. வெளிச்சம் அணைந்தது. இரைச்சல் வந்தது. இரைச்சலுக்குள் நஸாரின் குரல், மிகவும் மெல்லியதாக.

"…கேக்குதா பௌசியா? கேக்குதா?"

அதற்குப் பிறகு அவர் குரல் வரவில்லை, வெறும் இரைச்சல்தான். மாலை வரை கூப்பிட்டேன்.

தேடிப் போனவர்கள் மிதப்பு ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவரை மறுநாள் மீட்டார்கள். அவர் பெயர் அன்வர். மற்ற மூவரும் கிடைக்கவில்லை. படகும் கிடைக்கவில்லை.

அன்வர் உடம்பு தேறியதும் பௌசியாவைப் பார்க்கப் போனார். ஆறுதல் சொல்லத்தான் போனார். கடைசி நேரத்தில் நஸார் தனியாக இல்லை, மனைவியின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னால் அவள் மனம் ஆறும் என்று நினைத்தார். அதைச் சொன்னார். அதோடு நின்றிருக்கலாம். நஸாரும் பேசினார் என்றும் சொன்னார். முதலில் அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தாராம். அவள் முடிக்காதபடியால் தானும் அழுத்திக்கொண்டு பேசத் தொடங்கினாராம். நெடுநேரம் பேசினாராம். காற்றிலும் இரைச்சலிலும் என்ன பேசினார் என்று அன்வருக்குக் கேட்கவில்லை.

புருசனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த பிறகு பௌசியா அறைக்கு வந்தாள். படகுகளைக் கூப்பிட்டு முடித்து, வாங்கும் வெறுமையாகியிருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"அன்வர் சொன்னது உண்மையா மிஸ்? அவரு கதைச்சவரா?"

"ஓம்."

"நான் அமத்திக்கொண்டு நிண்டதாலயா கேக்கேல்ல?"

அவளிடம் பொய் சொல்ல எனக்கு ஏலவில்லை. சொன்னால் அது நிற்கவும் போவதில்லை. "அதில அமத்தியிருக்கிறது கைக்குத் தெரியாது, பௌசியா. உங்களுக்கு மட்டுமில்ல. ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன்.

"ஒருக்காத் தாங்க."

செட்டை நிறுத்திவிட்டு மைக்கைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். விட்டாள். திரும்ப அழுத்தினாள். வெகுநேரம் அப்படியே செய்துகொண்டிருந்தாள்.

"இதில ஒண்டும் தெரியேல்லயே" என்றாள். மேசையில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். நன்றாகத் துடைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அந்த அறைக்கு அவள் வரவில்லை.

ரட்ணசிங்கத்திடம் நான் ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது என் கதிரையில் அவர் இருந்தார். மைக் அவர் கையில். பௌசியா செய்ததையே செய்துகொண்டிருந்தார். "கை நோகக் கூடாதெண்டுதானே நினைச்சனான்" என்றார். பழைய மாதிரி மைக் எங்கேயாவது கிடைக்குமா என்று கொழும்பு வரை தேடுவித்தார். அந்த மாதிரி இப்போது செய்வதில்லை என்று எல்லா இடமும் ஒரே பதில்தான். அடுத்த வருடம் மாற்றம் கேட்டு வேறு இடம் போனார். விடைபெறும்போது எல்லோருக்கும் கை கொடுத்தார். செட் இருந்த அறைக்குள் மட்டும் வரவில்லை.

என்னால் ஏலுமானதை நான் செய்து பார்த்தேன். பேர்னாட் சேர் வேண்டாம் என்று சொன்னதையே செய்தேன். மைக்கை நானே பிடித்துக்கொண்டு, நானே அழுத்தி, அவர்கள் வாய்க்கு நேரே நீட்டினேன். யாருடைய குரலும் அதன் பிறகு தடைப்படவில்லை. ஒவ்வொரு மறுமொழியும் வந்து சேர்ந்தது. ஆனால் வாங்கில் இருந்த கூட்டம் மெல்லக் குறைந்தது. புல்மோட்டைப் பெண்ணைச் சந்தையில் கண்டபோது ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"உங்கட கையைப் பாத்துக் கதைக்க ஒரு மாதிரி இருக்கு மிஸ்" என்றாள். "அவர் உங்களோட கதைக்கிற மாதிரி இருக்கு. சுகம் எண்டு நீங்க சொல்லிவிட்டாப் போதும்."

பாதுகாப்பாகக் கொடுத்தபோது அது அவர்களுக்கு வேண்டாததாகிவிட்டது. இளைப்பாறும் வரை அப்படித்தான் நடத்தினேன். கடைசி வருடங்களில் பல காலைகளில் வாங்கில் ஒருவரும் இருக்கவில்லை.

கோகிலாவுக்கு நான் என்ன சொல்வது? கண்ணாடிக்குள் வரைந்திருக்கும் வட்டம் றப்பர் பொத்தானைவிடவும் குறைவாகத்தான் கைக்குச் சொல்லும். அந்தப் பெண்கள் கத்துவது அதனால்தான். பயந்தவளின் கை முதலில் கேட்பது, தான் பிடித்திருப்பது மெய்யா என்பதை. அதற்குக் கருவி பதில் சொல்ல வேண்டும். இதைக் கருவி செய்கிறவர்களிடம் யார் போய்ச் சொல்வது, சொன்னாலும் அவர்கள் யாருக்காகக் கேட்கப்போகிறார்கள், எனக்குத் தெரியவில்லை. நான் சொன்ன காலத்தில் கேட்டவர் நல்ல மனிதர். அப்படியும் ஒன்றும் ஆகவில்லை.

இதை எழுதத் தொடங்கிய பிறகு பௌசியாவைப் பார்க்க இறக்கக்கண்டிக்குப் போனேன். அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தேத்தண்ணி தந்தாள். "எழுதுங்க. வேற யாருக்கும் இப்பிடி வரக் கூடா" என்றாள். றிஸ்னா கலியாணம் முடித்துக் கட்டாரில் இருக்கிறாள் என்றும், பிள்ளை பிறக்க இருக்கிறது என்றும் சொன்னாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மகளின் அழைப்பு வந்தது. தொலைபேசி பாயில் கிடந்தது. பௌசியா அதைக் கையில் எடுக்கவில்லை. ஒரு விரலால் தட்டிச் சத்தத்தைத் திறந்துவிட்டு, கைகள் இரண்டையும் மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"உம்மா, எப்பிடி இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?"

பௌசியா பேசவில்லை. தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் வைத்தியரிடம் போய்வந்ததைச் சொன்னாள். பிள்ளை நன்றாகத் துடிக்கிறதாம். பெயர் பார்க்கச் சொன்னாள். "வாப்பாட பேர் வைக்கலாமா உம்மா?" என்று கேட்டாள். பிறகு அவளும் பேசாமல் காத்திருந்தாள்.

"உம்மா? இருக்கீங்களா? லைன் கட்டாகிட்டு போல. பொறகு எடுக்கன்" என்றாள்.

அழைப்பு நின்ற பிறகும் பௌசியா கொஞ்ச நேரம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மிக மெதுவாகக் கேட்டாள்.

"அவ கதைச்சு முடிச்சிட்டாவா, மிஸ்?"